கப்பு ஜெயிச்சாச்சு... அடுத்த வருஷமும் ஜெயிக்க முடியுமா?

ராயபுரம் பக்கம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டீக்கடையில் பத்து நிமிஷம் நின்றால் மூன்று வகை விவாதம் காதில் விழும். ஒன்று அரசியல், இரண்டு சினிமா, மூன்று "போன வருஷம் கப்பு அடிச்சது யாரு?". முதல் இரண்டும் டீ கிளாஸ் காலியாவதற்குள் முடிந்துவிடும். மூன்றாவது முடியவே முடியாது.

ஏரியா டோர்னமெண்டில் போன வருஷம் ஜெயித்த டீம் பையன் ஒருத்தன், அதே ஜெர்சியைப் போட்டுக்கொண்டு, "இந்த வருஷமும் கப்பு நம்முள்துதாண்ணா, எழுதி வச்சிக்கோ" என்பான். டீக்கடை அண்ணன் கிளாஸ் கழுவிக்கொண்டே, "போன வருஷ கப்புல இந்த வருஷம் டீ ஊத்திக் குடிக்க முடியாது நைனா" என்பார். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். பையனுக்கு முகம் சுருங்கிவிடும்.

இதில் யார் சொல்வது சரி? பையனா, டீக்கடை அண்ணனா? விளையாட்டாகத் தெரிந்தாலும் கொஞ்சம் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய கேள்வி இது.

முதலில் இது வடசென்னை பிரச்னை மட்டும் கிடையாது. அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீகில் ஃபைனல் முடிந்த மறுநாளே டிவியில் நாலு பேர் கோட்டு சூட்டு போட்டு உட்கார்ந்து இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் 2017, 2018 என்று அடுத்தடுத்து ஜெயித்தது. அதற்கடுத்த ஏழு வருஷத்தைப் பாருங்கள். 2019 டொரான்டோ, 2020 லேக்கர்ஸ், 2021 மில்வாக்கி, 2022 திரும்பவும் கோல்டன் ஸ்டேட், 2023 டென்வர், 2024 பாஸ்டன், 2025 ஓக்லஹோமா சிட்டி. ஏழு வருஷத்தில் ஏழு சாம்பியன். ஒருத்தராலும் கப்பைக் கையிலேயே வைத்திருக்க முடியவில்லை.

அது அந்த ஊர் கதை. இந்த ஊரில் இன்னும் சுவாரசியமான கதை ஒன்று இருக்கிறது.

ஒரே கிளப், இரண்டு தடவை விழுந்த கதை

பெரியமேடு நேரு ஸ்டேடியத்தை சொந்த மைதானமாக வைத்திருக்கும் சென்னையின் எஃப்.சி. 2015-ல் முதல் முறையாக ஐ.எஸ்.எல். கோப்பையை வென்றது. மெட்ராஸ்காரர்கள் யாரும் மறக்காத டிசம்பர் அது. ஊரே வெள்ளத்தில் மிதந்ததால், அரையிறுதியில் சொந்த ஊரில் ஆட வேண்டிய ஆட்டத்தைக்கூடப் புனேயில் போய் ஆடினார்கள். ஃபைனல் டிசம்பர் 20, கோவாவின் ஃபதோர்டா மைதானத்தில். ஆட்டம் முடிய ஒன்றிரண்டு நிமிஷம் இருக்கும்போது கோவா 2-1 என்று முன்னிலை. அப்போது கோவா கோல்கீப்பர் கையால் ஒரு சேம்சைட் கோல், அடுத்து ஸ்டீவன் மெண்டோசா ஒரு கோல். 3-2, கப்பு சென்னைக்கு.

அடுத்த வருஷம்? 2016-ல் மொத்தம் எட்டு அணி, சென்னை ஏழாவது.

சரி, விடுங்கள் என்று எழுந்து வந்தார்கள். 2017-18 சீசனில் லீகில் இரண்டாம் இடம். 2018 மார்ச் 17 அன்று பெங்களூருவில், பெங்களூரு அணியை ஃபைனலில் சந்தித்தார்கள். சுனில் சேத்ரி முதல் கோல் போட்டும் சென்னை அசரவில்லை. மெயில்சன் ஆல்வ்ஸ் கார்னரில் வந்த பந்தை இரண்டு தடவை தலையால் முட்டி உள்ளே தள்ளினார், ரஃபேல் அகஸ்டோ மூன்றாவது போட்டார். மறுபடியும் 3-2, மறுபடியும் கப்பு.

அதற்கு அடுத்த சீசன்? பத்து அணியில் பத்தாவது. 18 ஆட்டம் ஆடி ஜெயித்தது இரண்டே இரண்டு, மொத்தம் 9 புள்ளி.

ஒரு தடவை என்றால் கெட்ட நேரம் என்று விட்டுவிடலாம். இரண்டு தடவையும் கப்பு ஜெயித்த கையோடு அடிமட்டத்துக்குப் போனால் ரசிகன் என்ன செய்வான்? கண்ணு பட்டுவிட்டது, ஸ்டேடியம் வாசலில் பூசணிக்காய் உடைக்கணும் என்றுதான் சொல்வான். :-)

ஆனால் இரண்டு வீழ்ச்சிக்கும் காரணம் ஒன்றில்லை. அங்கேதான் விஷயமே இருக்கிறது.

2016-ல் நடந்தது ரொம்ப எளிமை. 2015-ல் 13 கோல் அடித்து லீகிலேயே முதலிடத்தில் இருந்த மெண்டோசா இல்லை. கேப்டன் எலானோ இல்லை. சட்டை அதே நீலம், உள்ளே இருந்த ஆட்கள் வேறு.

2018-19-ல் அப்படி இல்லை. பயிற்சியாளர் ஜான் கிரிகரி அங்கேயே இருந்தார். மெயில்சன், அகஸ்டோ, ஜெஜே எல்லோரும் இருந்தார்கள். ஆனால் தடுப்பாட்டத்தின் தூணாக இருந்த கேப்டன் செரெனோ போய்விட்டார். நடுக்களத்தில் ஓடி ஓடி பந்தைப் பிடுங்கிக் கொடுத்த வியாசர்பாடிக்காரர் தன்பால் கணேஷ் முழங்கால் காயத்தால் சீசன் முழுக்க வெளியே உட்கார வேண்டியதாயிற்று. முந்தைய சீசனில் ஒன்பது கோல் போட்ட ஜெஜேவுக்கு லீகில் ஒரே ஒரு கோல்தான் வந்தது. ஆட்கள் இருந்தார்கள், ஆனால் போன வருஷத்து ஆட்கள் இல்லை. மற்ற டீம்கள் இவர்களின் ஆட்டத்தை வீடியோவில் போட்டுப் பார்த்துப் பாடம் படித்துவிட்டு வந்திருந்தன.

பி.காம். பாடத்தில் இருக்கும் பதில்

இதை பி.காம். முதல் வருஷ மாணவனிடம் கொடுத்தால் இரண்டையும் இரண்டு சேப்டரில் போட்டுவிடுவான். முதலாவது, பார்ட்னர் விலகுதல். கடை போர்டில் பெயர் அதே பெயர்தான். ஆனால் ஒரு பார்ட்னர் வெளியே போனால் கணக்குப்படி அது புதிதாக அமைந்த நிறுவனம். இரண்டாவது, தேய்மானம். மெஷின் அதே மெஷின்தான். ஆனால் ஒவ்வொரு வருஷமும் அதன் மதிப்பு கொஞ்சம் குறைகிறது. அதற்கென்று தனியாகப் பணம் எடுத்து வைக்காதவன், மெஷின் நின்று போகும் அன்றைக்குத் தலையில் கை வைத்து உட்காருவான்.

இன்னொரு பாடமும் இருக்கிறது. மார்ச் 31 அன்று லாப நஷ்டக் கணக்கை மூடிவிட வேண்டும். போன வருஷம் எத்தனை கோடி விற்றிருந்தாலும் ஏப்ரல் 1 அன்று விற்பனை பூஜ்ஜியத்தில்தான் ஆரம்பிக்கும். அடுத்த வருஷத்துக்குக் கொண்டு போவது பேலன்ஸ் ஷீட்டில் இருப்பதை மட்டும்தான். கட்டடம், மெஷின், சரக்கு, கையிருப்பு, அப்புறம் கடன்.

கப்பு என்பது போன வருஷ லாபம். ஷோகேஸில் வைக்கலாம். ஆட்டக்காரர்களின் பழக்கம், பயிற்சியாளர், அகாடமியில் வளரும் பையன்கள், காயம் பட்டால் அந்த இடத்தில் இறங்க ரெடியாக ஒரு ஆள், இதெல்லாம் பேலன்ஸ் ஷீட். டீக்கடை அண்ணன் பி.காம். படிக்காமலேயே சொன்னது இதைத்தான்.

கணக்கு என்ன சொல்கிறது?

இன்னொரு தப்பும் எல்லோரும் செய்கிறோம். சாம்பியன் டீம்தான் இருப்பதிலேயே பலமான டீம், அதனால் அது ஜெயிக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறோம். பாதி சரி.

உதாரணத்துக்குப் பத்து டீம் இருக்கிற லீக் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் சமம் என்றால் ஆளுக்குப் பத்து சதவீத வாய்ப்பு. சாம்பியன் டீம் பலமானது என்பதால் அதற்கு மட்டும் மூன்று மடங்கு, முப்பது சதவீதம் கொடுப்போம். தாராளமான கணக்குதான். அப்போதும் அது கப்பை இழக்க எழுபது சதவீத வாய்ப்பு இருக்கிறது. அதாவது லீகிலேயே முதல் ஃபேவரிட்டாக இருந்துகொண்டே, பத்துக்கு ஏழு தடவை தோற்கலாம். இதில் சாபமும் இல்லை, திருஷ்டியும் இல்லை.

அதுவும் கடைசியில் பிளே-ஆஃப் வைக்கும் லீகில் கேட்கவே வேண்டாம். ஐந்து மாசம் உழைத்ததை ஒரு ராத்திரி தீர்மானிக்கிறது. ஐ.எஸ்.எல். 2014-ல் ஆரம்பித்து 2024-25 வரை 11 சீசன் நடந்தது. பிளே-ஆஃப் ஃபைனலில் கொடுக்கும் கோப்பையை ஒரு டீம்கூட அடுத்தடுத்து இரண்டு வருஷம் ஜெயித்ததில்லை. ஆனால் லீகில் முதலிடம் பிடித்தவர்களுக்குக் கொடுக்கும் ஷீல்டை மோகன் பகான் 2023-24, 2024-25 இரண்டு சீசனும் ஜெயித்தது. பல மாசம் ஆடும்போது அதிர்ஷ்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகிறது, பலம் மிஞ்சுகிறது.

அப்போ முடியவே முடியாதா?

முடியும். சென்னைக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. சென்னை சூப்பர் கிங்ஸ் 2010-ல் மும்பையை 22 ரன்னில் தோற்கடித்துக் கப்பு வாங்கியது. 2011-ல் சேப்பாக்கத்திலேயே பெங்களூருவை 58 ரன்னில் சாத்தியது, முரளி விஜய் 95. இதில் கவனிக்க வேண்டியது அந்த இரண்டு ஃபைனலுக்கும் நடுவில் நடந்த சமாச்சாரம்.

2011 ஜனவரியில் பெரிய ஏலம். ஒவ்வொரு டீமும் அதிகபட்சம் நாலு பேரைத்தான் தக்கவைத்துக்கொள்ளலாம் என்று விதி. சாம்பியன் டீமைக் கலைத்துப் போட அதைவிட நல்ல வழி கிடையாது. சென்னை தோனி, ரெய்னா, விஜய், ஆல்பி மார்கல் நாலு பேரை வைத்துக்கொண்டது. அதோடு நிற்கவில்லை. ஏலத்துக்குப் போய் ஹஸ்ஸி, பத்ரிநாத், அஸ்வின், போலிஞ்சர் என்று தன் பழைய ஆட்களையே காசு கொடுத்துத் திரும்ப வாங்கியது. மற்ற டீம்கள் புதுப் பெயர்களைத் தேடிக்கொண்டிருந்தபோது இவர்கள் பழைய பேலன்ஸ் ஷீட்டைத் திரும்ப எழுதிக்கொண்டார்கள். கப்பு திரும்ப வந்தது. 2012-லும் ஃபைனல் வரை போய் கொல்கத்தாவிடம் தோற்றார்கள்.

2008 முதல் 2025 வரை 18 ஐ.பி.எல். சீசனில் அடுத்தடுத்து கப்பு வாங்கியது இரண்டே டீம். சென்னை ஒன்று, 2019-லும் 2020-லும் ஜெயித்த மும்பை இன்னொன்று.

அதே சென்னை மற்ற தடவை என்ன ஆனது என்பதையும் மறைக்கக்கூடாது. 2018-ல் ஜெயித்துவிட்டு 2019 ஃபைனலில் ஒரே ஒரு ரன்னில் கோட்டை விட்டது. 2021-ல் ஜெயித்துவிட்டு 2022-ல் ஒன்பதாவது இடம். அந்த வருஷம் டூ பிளெஸ்ஸி பெங்களூருவுக்குப் போய்விட்டார், தீபக் சாஹர் காயத்தால் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. பார்ட்னர் விலகலும் தேய்மானமும் ஒரே வருஷத்தில். 2023-ல் ஜெயித்துவிட்டு 2024-ல் ஐந்தாவது. கெட்டிக்கார நிர்வாகத்துக்கே ஐந்து கப்பில் ஒரே ஒரு தடவைதான் ரிப்பீட்டு ஆனது.

கூடைப்பந்திலும் இதே கதைதான். ஒரு சமயத்தில் ஐந்து பேர்தான் ஆடுகிறார்கள் என்பதால் ஒருத்தர் போனால்கூட இடி மாதிரி விழும். 2019-ல் டொரான்டோ ஜெயித்த சில வாரத்திலேயே அதன் நட்சத்திரம் கவாய் லெனார்ட் வேறு டீமுக்குக் கிளம்பிவிட்டார். சிகாகோ புல்ஸ் 1996, 97, 98 என்று மூன்று வருஷம் தொடர்ந்து ஜெயித்தது. உடனே ஜோர்டான் ஓய்வு, பயிற்சியாளர் ஃபில் ஜாக்சன் வெளியே, பிப்பன் வேறு டீமுக்கு. அடுத்த சீசனில் 50 ஆட்டத்தில் 13 வெற்றி. சென்னையின் எஃப்.சி. ரசிகர்கள் இதைப் படித்தால் கொஞ்சம் ஆறுதல் கிடைக்கும்.

பாஸ்டன் செல்டிக்ஸ் 1959 முதல் 1966 வரை எட்டு வருஷம் தொடர்ந்து ஜெயிக்கவில்லையா என்று யாராவது கேட்கலாம். ஜெயித்தது. ஆனால் அப்போது லீகில் இருந்ததே எட்டு, ஒன்பது டீம்தான். ஆட்டக்காரன் தன் இஷ்டத்துக்கு வேறு டீமுக்குப் போகவும் முடியாது. இன்றைக்கு முப்பது டீம். ஜெயித்தவுடன் எல்லோருக்கும் மார்க்கெட் ஏறும், சம்பளம் கூடக் கேட்பார்கள். மொத்தச் சம்பளம் வரம்பைத் தாண்டினால் லீகுக்கு வரி கட்ட வேண்டும். ஜெயித்ததே செலவாகிவிடுகிறது.

கேரம் போர்டும் பரம்பரையும்

தனி ஆளாக ஆடும் ஆட்டத்தில் இந்தத் தொல்லை கொஞ்சம் குறைவு. வியாசர்பாடி இளவழகி 2008-ல் பிரான்ஸில் உலகக் கேரம் பட்டம் வென்றார், அடுத்த உலகப் போட்டி 2012-ல் கொழும்பில் நடந்தபோது அதையும் வென்றார். அவருக்கு முன்னால் மரிய இருதயம் 1991, 1995 என்று முதல் இரண்டு உலகப் பட்டத்தையும் வாங்கியிருக்கிறார். தன்னுடைய விரலைத் தானே வேறு டீமுக்கு விற்க முடியாது அல்லவா! உழைப்பு குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

டீமுக்கு அந்த வசதி இல்லை. ஆனால் வடசென்னையிலேயே அதற்கும் ஒரு பழைய வழி இருந்தது. சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று குத்துச்சண்டைக்காரர்கள் தங்கள் கூட்டத்துக்கு 'டீம்' என்று பெயர் வைக்கவில்லை, பரம்பரை என்று வைத்தார்கள். பரம்பரை என்றாலே அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றிக் கொடுப்பது. ஒருத்தன் ரிங்கில் இறங்கும்போதே அவனுக்குப் பின்னால் இன்னொருத்தனை வாத்தியார் தயார் பண்ணிக்கொண்டிருப்பார். இன்றைக்குத் தோற்றாலும் பெயர் சாகாது.

பின்னாளில் அந்த வேலையை வேறு விதத்தில் செய்தவை அலுவலக டீம்கள். துறைமுகம், சுங்கத்துறை, ஐ.சி.எஃப்., வங்கிகள். ஃபுட்பாலோ வாலிபாலோ பாஸ்கெட்பாலோ, நன்றாக ஆடுகிற பையனுக்கு விளையாட்டு கோட்டாவில் வேலை. வேலை இருப்பதால் அவன் எங்கும் போக மாட்டான். அதே ஐந்தாறு பேர் வருஷக் கணக்கில் சேர்ந்து ஆடுவார்கள். ஒருத்தன் திரும்பிப் பார்க்காமலே பந்தை எங்கே போட வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். கால் போனாலும் சம்பளம் வரும்.

இப்போது லீக் வந்திருக்கிறது, டிவி வந்திருக்கிறது, பெரிய பணமும் வந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் பெரும்பாலும் ஓரிரு வருஷ ஒப்பந்தம். கிளப் அடுத்த வருஷமும் கப்பு வாங்குமா என்று ரசிகன் கவலைப்படுகிறான். திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ இருந்து வருகிற பையனுக்கு அடுத்த வருஷம் ஒப்பந்தமே இருக்குமா என்பது கவலை. இந்த இரண்டும் வேறு வேறு கவலை மாதிரி தெரிகிறது. உற்றுப் பார்த்தால் ஒரே கவலைதான். அவனை வைத்துக்கொள்ளத் தெரியாத கிளப்புக்குக் கப்பையும் வைத்துக்கொள்ளத் தெரியாது.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடற்கரை ஓரமாகப் போனால் மணலைவிடக் கருங்கல்தான் அதிகம் தெரியும். கடல் தெற்கிலிருந்து வடக்காக மணலைத் தள்ளிக்கொண்டு வரும். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகச் சுவர் எழும்பியதும் அந்த மணல் தெற்கே தேங்கி மெரினா அகலமானது. வடக்கே வர வேண்டியது வராமல் கரை அரித்துப் போனது. பையன்கள் பந்து ஆடியிருக்க வேண்டிய இடம் அது. ஒவ்வொரு வருஷமும் வந்து சேர வேண்டியதை நடுவில் யாராவது தடுத்தால் கரையே நிற்காது, டீம் எப்படி நிற்கும்?

அதனால் டீக்கடை விவாதத்துக்கு முடிவு இதுதான். அடுத்தடுத்து இரண்டு கப்பு முடியும், ஆனால் அரிது. அதை மட்டும் அளவுகோலாக வைத்தால் உலகத்தில் எல்லா டீமும் தோற்ற டீம்தான். கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. ஜெயித்த ஆட்களில் எத்தனை பேர் அடுத்த வருஷமும் இருக்கிறார்கள்? வயசாகிறவர்களுக்குப் பின்னால் யார் தயாராகிறார்கள்? அந்தப் புதுப் பையன்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள்? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லத் தெரிந்த டீம் ஒரு வருஷம் தோற்கலாம், ஆனால் பத்தாவது இடத்துக்குப் போகாது. 2025 வரை பத்து தடவை ஃபைனல் பார்த்த சூப்பர் கிங்ஸே பதில் சொல்லத் திணறிய 2025-ல் கடைசி இடத்துக்குப் போனது என்பதும் இதே கணக்கில்தான் வரும்.

டீக்கடை அண்ணன் சொன்னது சரி. ஆனால் அந்தப் பையனும் முழுசாகத் தப்பில்லை. போன வருஷம் ஜெயித்த டீமில் இருந்த அத்தனை பேரும் இந்த வருஷமும் சாயங்காலம் ஆறு மணிக்கு கிரவுண்டுக்கு வந்தால், கூடவே தெருவிலிருந்து இரண்டு சின்னப் பையன்களையும் கூட்டிக்கொண்டு வந்தால், அண்ணன் இன்னொரு தடவை யோசிக்கத்தான் வேண்டும். இலவசமாக ஒரு டீயும் கொடுக்கலாம். கப்பில் இல்லை, கிளாஸில்தான்!